இரவு பத்து மணிக் காபி

தேர்வுக் காலத்தில் பொத்தேரி சீக்கிரம் தூங்குவதில்லை. ரயில் நிலையத்தை ஒட்டிப் பல்கலைக்கழகம். அதைச் சுற்றி விடுதிகள், நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடுகள், மெஸ்கள், ஜெராக்ஸ் கடைகள், டீக்கடைகள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் டீ மாஸ்டரின் கை வேகம் பிடிக்கும். ‘அண்ணா, ஸ்ட்ராங்கா ரெண்டு’, ‘சக்கரை கம்மி’, ‘ஒரு பார்சல்’ என்று குரல்கள் கேட்டபடி இருக்கும். பக்கத்துக் கடையின் குளிர்பெட்டியில் எனர்ஜி டிரிங்க் புட்டிகள் வரிசையாக நிற்கும். தென்மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகளும் லாரிகளும் ஜி.எஸ்.டி. சாலையில் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். மறைமலைநகர் ஆலைகளில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் காஃபினை இந்த அளவுக்கு நம்பியிருக்கும் ஊர் வேறு இருந்தால் ஆச்சரியம்தான்.

இங்கே நின்றுகொண்டு ‘காபி நல்லதா, கெட்டதா?’ என்று கேட்பதில் பயனில்லை. அந்தக் கேள்வியை நாம் நூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். காபி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில் அதை எதிர்த்து எழுதியவர்கள் ஏராளம். அந்தக் கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையில் சுவையாகச் சொல்லியிருக்கிறார். ஆகா கான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது உடல்நலம் குறித்து எழுதிய சிறுநூலில் காந்தியும் டீ, காபி, கோகோ மூன்றும் வேண்டாம் என்றார். யாரும் கேட்கவில்லை. இப்போது அதே சர்ச்சை செய்தித்தாள்களின் உடல்நலப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. ஒரு வாரம் காபி ஆயுளைக் கூட்டும். அடுத்த வாரம் இதயத்தைக் கெடுக்கும்.

உண்மையில் ஆய்வுகள் இவ்வளவு முரண்பட்டு நிற்கவில்லை. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், அதுவரை வந்த ஆய்வுத் தொகுப்புகளை எல்லாம் ஒன்றாக வைத்து அலசிய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. நாளைக்கு மூன்று நான்கு கோப்பை காபி குடிப்பவர்களிடம் இறப்பு, இதயநோய், கல்லீரல் நோய், இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவை குடிக்காதவர்களைவிடக் குறைவாகவே காணப்பட்டன. காபியால்தான் அப்படி ஆனது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. காபி குடிப்பவர்களைக் கவனித்து எழுதியவையே இவற்றில் பெரும்பாலானவை. ஆனால் பெரிய கெடுதல் இருந்திருந்தால் இதற்குள் வெளியே வந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை முன்னிட்டுக் காபியைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தது. 2016இல் அதுவே காபியை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அப்போது அது எச்சரித்தது வேறொன்றைப் பற்றி: 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். பாய்லரிலிருந்து இறங்கிய கிளாஸை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு அப்படியே உறிஞ்சுகிறவர்கள் இரண்டு நிமிடம் பொறுக்கலாம். ஆற்றிக் குடிக்கத்தானே டபராவே இருக்கிறது.

நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதிலும் பெரிய தகராறு இல்லை. உடல்நலக் குறை இல்லாத பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பாதகமில்லை என்கின்றன அமெரிக்க, ஐரோப்பிய உணவு அமைப்புகள். நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டி 300 மில்லிகிராமோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில், 1918இல். அதன் கணக்குப்படி 150 மி.லி. வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின் இருக்கும். இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65. டீயில் 30 முதல் 65. நம் டிகாஷனில் இது இன்னும் குறையலாம். காபித் தூளோடு கலக்கும் சிக்கரியில் காஃபின் கிடையாது. கலவையில் 51 சதவீதம் காபி இருந்தால் போதும் என்கிறது சட்டம். கறுப்பைப் பார்த்து நாம் ‘ஸ்ட்ராங்’ என்கிறோம். அந்தக் கறுப்பில் பெரும்பங்கு சிக்கரியுடையதாக இருக்கலாம்.

ஆகவே அளவைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. என் கவலை நேரத்தைப் பற்றியது. எந்த நேரத்தில் குடிக்கிறோம், எதைச் சாப்பிட்ட கையோடு குடிக்கிறோம், எந்த வயதில் குடிக்கிறோம் என்பதை எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. நம் ஊர்க் காபி, டீப் பழக்கத்தின் கெடுதல் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதலில் தூக்கம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்கான ஏற்பிகளில் போய் அமர்ந்தால் நமக்குக் கண் சொக்கும். காஃபின் அந்த இடத்தில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. திருவிழாக் காலப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான் இது. உட்கார வேண்டியவர் இறங்கிப் போய்விடவில்லை. நின்றுகொண்டே வருகிறார், கூட்டமும் ஏறிக்கொண்டே இருக்கிறது. துண்டை எடுத்ததும் மொத்தமாக வந்து விழுவார்கள். காஃபின் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பு நம் காதில் விழாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் துண்டு எவ்வளவு நேரம் கிடக்கும்? உடலுக்குள் போன காஃபினில் பாதி வெளியேற, சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவு பத்து மணிக்கு 100 மில்லிகிராம் குடித்த மாணவருக்கு அதிகாலை மூன்று மணிக்கும் 50 மில்லிகிராம் உள்ளே இருக்கும். காலை எட்டு மணிக்குத் தேர்வு அறைக்குக் கிளம்பும்போதும் 25 மிச்சம். 2013இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்துத் தூக்கத்தைக் கருவியால் அளந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்திருந்தது. 400 மில்லிகிராம் பெரிய அளவுதான். ஆனாலும் மாலை ஐந்து மணிக் காபியைப் பற்றி யோசிக்க வைக்கிற முடிவு.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு 2023இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் நூறு பேருக்கு நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்பினார்கள்: இன்று காபி குடியுங்கள், இன்று குடிக்காதீர்கள். இரண்டு வாரம் இப்படி. உடம்பில் ஒட்டிய கருவிகள் இதயத் துடிப்பையும் நடையையும் தூக்கத்தையும் பதிவுசெய்தன. காபி குடித்த நாட்களில் இதயத்தின் மேலறைகளிலிருந்து வரும் கூடுதல் துடிப்புகள் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறைத் துடிப்புகள் ஓரளவு கூடின. ஏறக்குறைய ஆயிரம் காலடி அதிகம் நடந்தார்கள். 36 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். நன்மையும் தீமையும் ஒரே கோப்பையிலிருந்து, ஒரே நாளில். ஒரு மனிதருக்குக் காபி என்ன செய்கிறது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன ஆய்வு குறைவு.

2025 ஜனவரியில் ஐரோப்பிய இதய இதழில் வந்த ஒன்று இந்தக் கணக்கை இன்னும் நேராக்குகிறது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தகவல்களை வைத்து, எத்தனை கோப்பை என்பதோடு எப்போது குடித்தார்கள் என்றும் பார்த்தார்கள். காலையில் மட்டும் குடித்தவர்களிடம் இறப்பு விகிதம் குடிக்காதவர்களைவிட 16 சதவீதம் குறைவு. நாள் முழுக்கக் குடித்தவர்களிடம் அந்த அனுகூலம் தென்படவில்லை. இதுவும் கவனித்து எழுதிய ஆய்வுதான், முடிந்த முடிவல்ல. ஆனால் விடிகாலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு அன்றைக்கு அதோடு முடித்துக்கொண்ட நம் பாட்டிமார்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

‘எங்க தாத்தா ராத்திரி காபி குடிச்சுட்டு ஒன்பது மணிக்குக் குறட்டை விடுவாரு’ என்று யாராவது சொல்வார்கள். சொல்லலாம். காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பரம்பரையாக வருவது அது. புகைபிடிப்பவர்களிடம் அந்த நொதி ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் இயங்கும். ஒரு கையில் கிளாஸும் மறு கையில் சிகரெட்டுமாக நிற்பவருக்கு ஏன் அடுத்த கிளாஸ் சீக்கிரம் தேவைப்படுகிறது என்பதற்கு இது ஒரு காரணம். புகையை விடுகிறவர்கள் காபியையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே நாலு கிளாஸ் எட்டு கிளாஸ் குடித்த மாதிரிப் படபடப்பைக் கொடுக்கும். அதைப் புகையை விட்டதன் கோளாறு என்று நினைத்து மறுபடி பெட்டிக்கடைக்குப் போகிறவர்கள் உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கோ நேர்மாறு: காஃபின் உடலில் இரு மடங்கு நேரம் தங்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதைவிடவும் நீளும்.

பொத்தேரி மாணவர்களுக்குத் திரும்புகிறேன். படித்தது மனதில் படிவது பெரும்பாலும் தூக்கத்தில். இரவு இரண்டு மணிவரை ஐந்தாவது யூனிட்டைப் படித்துவிட்டு மூன்று மணி நேரம் கோழித்தூக்கம் போடுகிறவர், ஐந்தாவது யூனிட்டுக்காக முதல் நான்கையும் பணயம் வைக்கிறார். மறுநாள் மதியம் தலை கனக்கும்; மாலையில் ஒரு டீ, இரவில் இரண்டு. தேர்வு முடிந்து ஊருக்குப் போய்ப் பழக்கத்தை விட்டால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடித்துக்கொள்ளும். அது நோயல்ல, காஃபினை நிறுத்தியதன் விளைவு. சிலருக்கு ஒரு வாரம்வரை நீடிக்கும். அதற்கு மருந்துக் கடையில் வாங்கும் தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் காஃபின் சேர்த்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை.

ராத்திரி டீக்கடையை மூடச் சொல்லும் கட்சி இல்லை நான். அந்தக் கடை வாசலில் நடக்கும் பேச்சு சில வகுப்புகளைவிட மேல். மாலை ஐந்துக்கு மேல் அங்கே போகிறவருக்கு ஒரு சுக்கு மல்லிக் காபியோ மசாலாப் பாலோ கிடைத்தால் போதும். பேருக்குத்தான் அது காபி, காஃபின் துளியும் இல்லை. கடைக்காரர்களும் தயாராகத்தான் இருப்பார்கள், கேட்க ஆள் வேண்டும்.

சாலையில் ஓட்டுகிறவர்களின் விஷயம் வேறு. இரவு இரண்டு மணிக்கு ஸ்டியரிங் பிடித்திருப்பவரிடம் தூக்கச் சுகாதாரம் பேச முடியாது; அவருக்குக் காஃபின் உயிர் காக்கும் பொருள். ஆனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1997இல், தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களை வண்டி ஓட்டும் மாதிரிக் கருவியில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். 150 மில்லிகிராம் காஃபினைக் குடித்துவிட்டு உடனே பதினைந்து நிமிடம் கண்ணை மூடியவர்கள், காபி மட்டும் குடித்தவர்களைவிட நன்றாக ஓட்டினார்கள். காஃபின் மூளைக்கு ஏறுவதற்குள் அந்தக் குட்டித் தூக்கம் கொஞ்சம் அடினோசினைக் குறைத்துவிடுகிறது. ஜி.எஸ்.டி. சாலையோரம் கும்பகோணம் டிகிரி காபிப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. லாரியை ஓரங்கட்டிக் கால்மணி நேரம் பயமில்லாமல் கண்ணயர இடம்தான் போதவில்லை.

இரண்டாவது, எதோடு குடிக்கிறோம் என்பது. தமிழ்நாட்டுக்கு இதுவே மிக முக்கியம் என்பது என் எண்ணம். மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல். மருத்துவமனைகள் நிறைந்த, பெண்கள் படித்த மாநிலத்தின் கணக்கு இது. போதாத சாப்பாடு, மாதவிடாய் இழப்பு, குடற்புழு என்று காரணங்கள் பல. டீயின் தலையில் எல்லாவற்றையும் கட்டவில்லை. ஆனால் கீரையிலும் பருப்பிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் காபி, டீயில் உள்ள பாலிபீனால்கள் தடுக்கின்றன. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் உணவோடு ஒரு கோப்பை காபி குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது; டீ குடித்தவர்களுக்கு 64 சதவீதம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எதையும் தடுக்கவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, கூடவே குடித்த அளவுக்குத் தடுத்தது.

நம் பழக்கத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிபன் என்றால் இட்லியும் காபியும். இலையை மடித்துக் கைகழுவி வந்ததும் ‘ஒரு வாய் காபி போடட்டுமா?’ காலையில் சமைக்க நேரமில்லாத வீட்டில் பிள்ளைகளுக்கு டீயும் பொறையும், அதுவே ஆகாரம். பள்ளிகளில் வாரம் ஒருமுறை வளரிளம் பெண்களுக்கு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறோம். வீட்டில் வேலைக்குப் போகும் அம்மா அதே இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கிவிட்டு ரயிலுக்கு ஓடுகிறார். ஒரு கை கொடுப்பதை மறு கை தட்டிவிடுகிறது.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டி. பின்பக்கம் இரண்டு மணி நேரம் என்று சொல்லியிருக்கலாம் என்பேன். நடைமுறையில் இது அவ்வளவு கஷ்டமும் இல்லை. எழுந்ததும் குடிக்கும் முதல் காபியை யாரும் பறிக்கவில்லை. எட்டு மணி டிபனுக்கு அது ஆறரைக் காபியாக இருக்கட்டும். டிபனோடு வரும் இரண்டாவது டம்ளரைத்தான் பதினொரு மணிக்குத் தள்ள வேண்டும். விடுதி மெஸ்ஸில் டிபன் வரிசையில் இட்லிக்குப் பக்கத்திலேயே காபிக் குடம் நிற்கும். அதைப் பதினொரு மணி இடைவேளைக்கு நகர்த்தினால் செலவு ஒன்றும் இல்லை. பொத்தேரியில் மட்டும் எத்தனை பெண்கள் விடுதிகள். சுகாதாரத் துறை கிராமத்துக்குக் கிராமம் இரும்பு மாத்திரை கொண்டுபோகும்போது ‘டீயோடு விழுங்காதீர்கள்’ என்ற ஒரு வரியையும் கூடவே கொண்டுபோகலாம். கர்ப்பிணிகளுக்கு இது இரட்டை அவசியம். நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் எடுக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும், கருக்கலைதலும் குழந்தையின் எடைக் குறைவும் வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் சொல்லிவருகிறது.

சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு கிளாஸ் என்றால் 40 கிராம் சீனி. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலைநாட்டு ஆய்வுகள் புகழும் காபி பெரும்பாலும் இவ்வளவு சீனி போடாத காபி.

மூன்றாவது, வயது. எனர்ஜி டிரிங்க் என்று விற்பவற்றை நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ‘காஃபின் கலந்த பானம்’ என்றே வகைப்படுத்துகிறது. லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 300க்கு மிகாமலும் காஃபின் இருக்கலாம். 250 மி.லி. புட்டியில் அதிகபட்சம் 75 மில்லிகிராம். ஒரு டம்ளர் காபி அளவுதானே என்று தோன்றும். ஆனால் காபி சூடாக, கசப்பாக, மெல்ல இறங்கும்; இது குளிர்ந்து, இனித்து, ஒரு நிமிடத்தில் காலியாகும். பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபினைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். 40 கிலோ எடையுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 120. விளையாட்டு முடிந்து இரண்டு புட்டி குடித்தால் 150. வீட்டில் குடித்த டீக்கள் கணக்கில் வரவில்லை.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உகந்ததல்ல, நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்று புட்டியில் அச்சிட வேண்டும் என்கிறது விதி. அச்சிடத்தான் செய்கிறார்கள், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். உணவுப் பொருள் முகப்புச் சீட்டு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், மற்ற மொழிகள் விருப்பம் என்பது சட்டம். விளம்பரம் மட்டும் தமிழில் வருகிறது. எச்சரிக்கையும் தமிழில், விளம்பரத்தின் எழுத்தளவில் வரட்டும் என்று கேட்பதில் என்ன தவறு? போலந்து 2024 ஜனவரி முதல் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இவற்றை விற்கத் தடை போட்டிருக்கிறது. லிதுவேனியா 2014இலேயே செய்தது. நம் நாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல் காஃபின் கலந்த பானங்கள் 40 சதவீத ஜி.எஸ்.டி. வரிசையில் இருக்கின்றன, பான் மசாலாவுக்குப் பக்கத்து இருக்கை. (ஜி.எஸ்.டி. சாலையில் ஜி.எஸ்.டி. பற்றிப் பேச வேண்டியதாயிற்று.) வரி வாங்கும்போது தீங்கான பொருள் என்று தெரிந்திருக்கிறது, விற்கும்போது தெரியவில்லை.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என்று 2020இலேயே விதி வந்தது. சர்க்கரை மிகுந்த இந்தப் புட்டிகளும் அதில் அடங்கும். அந்த விதிக்குக் கல்லூரி கணக்கில் இல்லை. பிளஸ் டூ முடித்துப் பதினேழு வயதில் பொத்தேரியில் பெட்டியை இறக்கும் பிள்ளை சட்டப்படி இன்னும் சிறார்தான். மார்ச் மாதம்வரை அவரைக் காத்த ஐம்பது மீட்டர் விதி, ஜூலையில் விடுதி வாசலில் இல்லை.